துயிலாயெபா: சமோவாவை 22 ஆண்டு ஆண்டவர், அவர் போட்ட விதிகள், 2021 தோல்வி

நெய்தல்:

சமோவாவின் முன்னாள் பிரதமர் துயிலாயெபா சைலேலே மாலியெலெஙாவோய் என்றதும் பலருக்கும் நினைவு வருவது இரண்டு செய்திகள்தான். காலண்டரிலிருந்து ஒரு வெள்ளிக்கிழமையை எடுத்தவர், சாலையில் வண்டி ஓடும் பக்கத்தை மாற்றியவர். அதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. 1998 நவம்பர் 23 முதல் 2021 மே வரை, இருபத்திரண்டரை ஆண்டு ஒருவர் எப்படிப் பதவியில் நிலைத்தார், எப்படி இழந்தார் என்பது அதைவிடப் பெரிய விஷயம்.

அடிப்படை விவரம் முதலில். மக்கள்தொகை சுமார் 2 லட்சம். உப்போலு, சவாயி என்ற இரண்டு பெரிய தீவுகள். தலைநகர் ஆப்பியா. 1962-இல் நியூசிலாந்திடமிருந்து விடுதலை. ஆளுங்கட்சியாக நெடுங்காலம் இருந்தது மனித உரிமைகள் பாதுகாப்புக் கட்சி; 1979-இல் தொடங்கப்பட்டது, சுருக்கமாக எச்.ஆர்.பி.பி. அந்தக் கட்சி 2016-இல் 50 இடங்களில் 35-ஐ வென்று, சுயேச்சைகளும் வந்து சேர, 47 ஆனது. அடுத்த தேர்தலிலேயே ஆட்சி போய்விட்டது. அது எப்படி நடந்தது என்று விவரம் தெரிந்தவர்கள் எழுதினால் நன்றாக இருக்கும்.

மதி_ஆழி:

பெயரிலிருந்தே தொடங்கலாம், நெய்தல். "துயிலாயெபா" பெற்றோர் வைத்த பெயர் இல்லை, பட்டம். குடும்பத் தலைவருக்குக் கூட்டம் கூடிக் கொடுக்கும் பட்டத்துக்கு மத்தாய் என்று பெயர். பட்டம் பெற்றவரையும் மத்தாய் என்றே சொல்வார்கள். சமோவா அரசியலில் முன்னால் வரும் சொல் பெரும்பாலும் பட்டம்தான். 2021-இல் பிரதமரான ஃபியாமே நவோமி மத்தாஅஃபாவில் "ஃபியாமே" அப்படித்தான். இது ஏன் முக்கியம் என்றால், மத்தாய் அல்லாதவர் தேர்தலில் நிற்கவே முடியாது. 1990 வாக்கெடுப்புக்கு முன்னால் பெரும்பாலான தொகுதிகளில் ஓட்டும் மத்தாய்களுக்கு மட்டும்தான். வாக்கெடுப்புக்குப் பிறகு 21 வயதான எல்லோருக்கும் ஓட்டு வந்தது. நிற்கும் உரிமை மட்டும் மத்தாய்களிடமே நின்றது.

அவர் 1945-இல் உப்போலுவின் தென்கிழக்குக் கரையில் லேபா ஊரில் பிறந்தவர். ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் வணிகவியல் முதுகலை. நிதித்துறையிலும், பிரஸ்ஸல்ஸில் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்திலும் வேலை பார்த்தார். 1980-களின் தொடக்கத்தில் லேபா தொகுதி உறுப்பினராக நாடாளுமன்றத்துக்குள் வந்தார். ஆக, பேச்சாளராக வளர்ந்தவர் இல்லை. கணக்கு பார்த்து வளர்ந்தவர். அவருடைய முடிவுகள் எல்லாவற்றிலும் அந்தக் கணக்குப் புத்தி தெரியும்.

நெய்தல் சொல்லாத ஒன்று: எச்.ஆர்.பி.பி. ஆட்சி 1982 முதல் இடைவிடாமல் நடந்ததாகப் பல இடங்களில் எழுதுகிறார்கள். தவறு. 1985 டிசம்பரில் பிரதமர் தோஃபிலாவ் எத்தி அலெசானா அரசின் பட்ஜெட் தோற்றது, சொந்தக் கட்சிக்காரர்களே கைவிட்டதால். தோஃபிலாவ் விலகினார். 1988 ஏப்ரல் வரை வாயி கோலோனேயின் கூட்டணி ஆட்சி. தோற்ற அந்த அரசில் துயிலாயெபா நிதியமைச்சர். பிற்காலத்தில் அந்தக் கட்சி கட்டிய ஒவ்வொரு விதிக்கும் வேர் அந்த பட்ஜெட் தோல்வியில் இருக்கிறது என்பது என் எண்ணம்: உள்ளே இருப்பவன் வெளியே போக முடியக்கூடாது.

சட்டவாசி:

மதி_ஆழி சொன்ன கடைசி வரியைப் பிடித்துக்கொண்டு விதிகளை வரிசையாகப் பார்க்கிறேன். இதில்தான் எல்லாம் இருக்கிறது.

முதலில், ஆட்சிக்காலம். முன்பு 3 ஆண்டு. 1990-களின் தொடக்கத்தில் அரசியலமைப்பைத் திருத்தி 5 ஆண்டு ஆக்கினார்கள். அமைச்சர் பதவிக்காகக் கட்சி மாறும் பேரம், மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வருவது ஐந்தாண்டுக்கு ஒருமுறை என்று குறைந்தது.

அடுத்தது தணிக்கையாளர். 1994-இல் தலைமைத் தணிக்கையாளரின் அறிக்கை அமைச்சர்கள் வரை கைகாட்டியது. மறு ஆண்டு அவர் இடைநீக்கம். 1997-இல் அந்தப் பதவிக்கே 3 ஆண்டு காலம் என்று அரசியலமைப்புத் திருத்தம் வந்தது. மூன்றாண்டுக்கு ஒருமுறை அரசின் கையெழுத்துக்குக் காத்திருக்க வேண்டியவர் எவ்வளவு துணிவாக எழுதுவார்? அப்போது பிரதமர் தோஃபிலாவ். துயிலாயெபா 1991 முதல் துணைப் பிரதமர், நிதியும் அவரிடமே. பொறுப்பில் அவருக்குப் பங்கில்லை என்று சொல்ல முடியாது.

மூன்றாவது, எட்டுப் பேர் விதி. அவையில் கட்சி என்ற அங்கீகாரம் வேண்டுமானால் 8 உறுப்பினர் இருக்க வேண்டும். 2006-இல் 10 இடம் வென்ற எதிர்க்கட்சி தலைமைச் சண்டையில் உடைந்து எண்ணிக்கை 8-க்குக் கீழே போனது, அங்கீகாரமும் போனது. 2016-இல் எதிரணியில் இருந்தது 3 பேர். முறையான எதிர்க்கட்சி என்ற ஒன்றே ஐந்து ஆண்டுக்கு இல்லை. குழுக்களில் ஆள் இல்லை, கேள்வி கேட்க நேரம் இல்லை.

நான்காவது, கட்சித் தாவல். தேர்தலுக்குப் பிறகு கட்சி மாறினால் பதவி காலி. 2009-இல் தவுத்துவா என்ற புதிய கட்சிப் பக்கம் நின்ற 9 பேரின் இடங்களைக் காலி என்று அறிவித்தார்கள். நீதிமன்றம் அவற்றைத் திருப்பிக் கொடுத்தது. 2010 தொடக்கத்தில் சட்டத்தையே இறுக்கினார்கள். சுயேச்சை ஆளுங்கட்சிக்குள் வரலாம், உள்ளே இருப்பவர் வேறு கட்சிக்குப் போக முடியாது. ஒருவழிக் கதவு.

ஐந்தாவது, மொனோதங்ஙா. ஊருக்குச் செய்யும் கடமை: விழா, இழவு, கோயில் காரியங்களுக்குப் பணமாகவும் பொருளாகவும் உழைப்பாகவும் கொடுப்பது. வேட்பாளர் தொடர்ந்து 3 ஆண்டு இதைச் செய்திருக்க வேண்டும் என்றது 2015 தேர்தல் சட்டத் திருத்தம். வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்து போட்டியிட நினைத்தவர்களை இது தடுத்தது. வேட்பாளர் மனுவோடு ஊரின் சான்று வேண்டும்; ஊர்ப் பிரதிநிதி கையெழுத்து மறுத்தால் நீதிமன்றம்தான் வழி.

இவை எல்லாம் சட்டப்படி நடந்தவை என்பதை மறக்கக்கூடாது. துப்பாக்கி இல்லை, ஓட்டுப்பெட்டித் திருட்டு இல்லை. மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மை கையில் இருந்தது, தேவைப்பட்டபோது திருத்தினார்கள்.

கோடைமழை:

விதிகளை மட்டும் பார்த்தால் மனிதரைத் தவறவிடுவோம். மக்கள் ஏன் திரும்பத் திரும்ப ஓட்டுப் போட்டார்கள் என்று கேட்க வேண்டாமா?

அவர் நிதியமைச்சராக இருந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். 1990 பிப்ரவரியில் ஓஃபா புயல், 1991 டிசம்பரில் வால் புயல், 1993-இல் சேம்பு இலைக் கருகல் நோய். நியூசிலாந்துக்குப் போன சேம்பு ஏற்றுமதி அடியோடு நின்றது. அரசு விமான நிறுவனமோ பெரும் நட்டத்தில். அந்தக் குழியிலிருந்து ஏறி, 2012-இல் உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்து, 2014 ஜனவரி 1-இல் ஐ.நா.வின் மிகப் பின்தங்கிய நாடுகள் பட்டியலிலிருந்து வெளியே வந்தது சமோவா. பசிபிக்கில் அப்படி வெளியேறிய நாடுகள் மிகச் சில.

இனி அந்த இரண்டு மாற்றங்கள். விளையாட்டாகச் செய்தவை இல்லை அவை.

சாலை: 2009 செப்டம்பர் 7, காலை 6 மணி. வலப்பக்கம் ஓடிய வண்டிகள் இடப்பக்கம் மாறின. நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் இருக்கும் சமோவா மக்கள் ஊரிலுள்ள சொந்தங்களுக்குப் பழைய கார் அனுப்ப வேண்டும் என்றால் அங்குள்ள கார்களில் ஸ்டீயரிங் வலப்பக்கம் இருக்கிறது. அமெரிக்கக் காருக்குச் செலவு அதிகம். கணக்கு அவ்வளவுதான். செய்த விதமும் சீரானது: சட்டம் ஓராண்டுக்கு முன்பே நிறைவேறியது, மாற்றத்தன்று தொடங்கி இரண்டு நாள் பொது விடுமுறை, மூன்று நாள் மது விற்பனைத் தடை, புதிய பலகைகள், தரையில் அம்புக்குறிகள். சிக்கல் பேருந்தில்தான் வந்தது. கதவு பழைய பக்கத்திலேயே இருந்ததால் பயணி நடுச்சாலையில் இறங்க வேண்டும். கதவை வெட்டி மாற்றும் செலவு உரிமையாளர் தலையில் விழுந்தது. எதிர்த்தவர்கள் ஊர்வலம் போனார்கள், வழக்குப் போட்டார்கள், கட்சியும் தொடங்கினார்கள்.

தேதிக்கோடு: 2011 டிசம்பர் 29 வியாழன் நள்ளிரவு கடந்ததும் 31 சனிக்கிழமை. காரணம் வேலை நாள். சமோவாவில் வெள்ளி என்றால் நியூசிலாந்தில் சனி. சமோவாவில் ஞாயிறு என்றால் அங்கே திங்கள், கடை திறந்துவிட்டார்கள். வாரத்தில் சேர்ந்து வேலை செய்ய நான்கு நாள்தான் தேறும். இல்லாத அந்த வெள்ளிக்கும் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தார்கள். யாரும் எதிர்பாராத சிக்கல் ஏழாம் நாள் திருச்சபையாரிடம் எழுந்தது: ஓய்வுநாள் சனியா, பழைய எண்ணிக்கைப்படி இப்போது ஞாயிறு என்றாகிவிட்ட நாளா என்று சபைக்குள்ளேயே பிளவு. 1892-இல் அமெரிக்க வணிகத்துக்காக இதே நாடு ஜூலை 4-ஐ இருமுறை கொண்டாடி எதிர்ப்பக்கம் போயிருந்தது. 119 ஆண்டு கழித்துத் திரும்பி வந்தது.

நெய்தல்:

கோடைமழை, சாலை மாற்றத்துக்கு 22-ஆவது நாள், செப்டம்பர் 29, ஆழிப்பேரலை. தென்கரையில் லலோமானு, அவருடைய சொந்த ஊர் லேபா எல்லாம் தரைமட்டம். சமோவாவில் மட்டும் 140-க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். மீட்டெடுத்துக் கட்டிய வேகத்துக்காக 2011-இல் மக்கள் அவருக்கு ஓட்டளித்தார்கள் என்பதை நானும் ஏற்கிறேன்.

ஆனால் 2019 தட்டம்மையையும் அதே தராசில் வைக்க வேண்டும். 2018 ஜூலையில் சவாயியில் இரண்டு குழந்தைகள் தடுப்பூசி போட்ட சில நிமிடங்களில் இறந்தன. மருந்தில் குற்றமில்லை. தூளாக வரும் மருந்தைக் கரைக்கத் தூய நீர் சேர்க்க வேண்டும்; செவிலியர் தசை தளர்த்தும் மருந்தைக் கலந்துவிட்டார்கள். அது வெளிப்படும் வரை அரசு தடுப்பூசித் திட்டத்தையே மாதக்கணக்கில் நிறுத்தியது. நிறுத்தியதுகூடப் புரிகிறது. மறுபடி தொடங்கியபோது வீடு வீடாகப் போய் அச்சத்தைப் போக்கவில்லை. தடுப்பூசி போட்ட குழந்தைகள் 31 சதவீதமாக இறங்கினார்கள். 2019 இறுதியில் பரவிய நோயில், 2020 ஜனவரி தொடக்கத்துக்குள் 5,700-க்கு மேல் நோயாளிகள், 83 சாவு, பெரும்பாலும் ஐந்து வயதுக்குக் கீழே. 2019 டிசம்பர் 5, 6 இரண்டு நாள் நாட்டையே மூடி, ஊசி போடாதவர் இருக்கும் வீட்டு வாசலில் சிவப்புத் துணி கட்டச் சொல்லி வண்டிகளில் போய்ப் போட்டார்கள். 90 சதவீதத்தைத் தாண்டியது. அவ்வளவு ஆற்றல் இருந்த அரசு அதை ஓராண்டுக்கு முன்பே செய்திருக்கலாம். 2 லட்சம் பேர் உள்ள நாட்டில் 83 சாவு என்றால் தெரிந்த வீடு ஒன்றிலாவது இழவு விழாத குடும்பம் இருக்காது. எனக்கு இது மன்னிக்க முடியாதது.

சட்டவாசி:

தோல்விக்கு நேரடிக் காரணம் 2020-இன் மூன்று மசோதாக்கள். நாட்டின் நிலத்தில் ஏறத்தாழ 80 சதவீதம் மரபுவழிக் குடும்ப நிலம். அதையும் மத்தாய் பட்டங்களையும் பற்றிய வழக்குகளை நிலம் மற்றும் பட்டங்கள் நீதிமன்றம் பார்க்கும். அங்கே அடிப்படை உரிமை மீறல் நடந்தால் உச்ச நீதிமன்றம் தலையிடலாம். புதிய சட்டங்கள் அந்த இணைப்பை அறுத்து, நிலத்துக்கென்று தனி மேல்முறையீட்டு அடுக்கையே கட்டின. 2020 மார்ச்சில் கொண்டுவந்து டிசம்பர் 15-இல் நிறைவேற்றினார்கள். நீதிபதிகளும் வழக்கறிஞர் சங்கமும் எதிர்த்தார்கள்.

ஏற்கெனவே 2017-இல் போதகர்கள் பெறும் காணிக்கைக்கு வருமான வரி போட்டு மிகப்பெரிய திருச்சபையோடு மோதியாகிவிட்டது. நிலம், பட்டம், கோயில், மூன்றிலும் ஒரே நேரத்தில் கைவைத்தால் கிராமத்தில் எது மிச்சம்?

எச்.ஆர்.பி.பி. உறுப்பினர் லாவுலி கட்சியிலிருந்து விலகினார். 2020 ஜூலையில் ஃபாஸ்ட் என்ற புதிய கட்சியைத் தொடங்கினார். செப்டம்பரில் துணைப் பிரதமர் ஃபியாமே விலகினார். நாட்டின் முதல் பிரதமருடைய மகள். உடனே எந்தக் கட்சியிலும் சேரவில்லை, சுயேச்சையாக உட்கார்ந்தார். ஒருவழிக் கதவுக்கு அப்படி ஒரு சந்து இருந்தது.

கணக்கர்:

2021 ஏப்ரல் 9 முடிவு: எச்.ஆர்.பி.பி. 25, ஃபாஸ்ட் 25, சுயேச்சை 1. ஆனால் மொத்த ஓட்டில் ஆளுங்கட்சிக்குச் சுமார் 55 சதவீதம், ஃபாஸ்டுக்குச் சுமார் 37. இவ்வளவு முன்னிலை இருந்தும் இடம் ஏன் சமமானது?

ஒரே தொகுதியில் தன் கட்சிக்காரர்கள் இருவர் மூவர் நிற்பதை எச்.ஆர்.பி.பி. எப்போதும் அனுமதித்தது. 51 தொகுதிக்கு 100-க்கும் மேற்பட்ட வேட்பாளர்கள். எதிர்ப்பக்கம் பலமில்லாத காலத்தில் இது அருமையான முறை: உள்ளூர்க் குடும்பப் போட்டியைக் கட்சி தீர்க்க வேண்டாம், எவர் வென்றாலும் நம்மவர், சீட்டுக் கிடைக்காத கோபமும் இல்லை. எதிரே ஒரே ஒருவர் நிற்கும்போதுதான் கவிழும். ஒரு தொகுதியில் 1,000 ஓட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுங்கட்சி இருவர் 320, 260. ஃபாஸ்ட் ஒருவர் 420. கட்சிக்கு 58 சதவீதம் ஓட்டு, இடம் ஃபாஸ்டுக்கு. ஃபாஸ்ட் பெரும்பாலும் தொகுதிக்கு ஒருவரையே நிறுத்தியது.

இன்னொன்று: 2019 திருத்தம் இரட்டை உறுப்பினர் தொகுதிகளையும் நகரத் தொகுதிகளையும் எடுத்துவிட்டு எல்லாவற்றையும் ஒற்றைத் தொகுதி ஆக்கியிருந்தது. ஓட்டுப் பிளவின் விலை அதனால் இன்னும் கூடியது. திருத்தியது அவர்களே.

கோடைமழை:

பெண்கள் இட ஒதுக்கீட்டு வழக்கில் எனக்கு ஒரு குழப்பம். நாடாளுமன்றத்தில் பெண்கள் குறைந்தது 5 பேரா, 6 பேரா? உச்ச நீதிமன்றம் ஒன்று சொல்ல, மேல்முறையீட்டு நீதிமன்றம் (சமோவாவில் அதுவே மேல்) வேறு சொன்னது. அப்படியானால் துயிலாயெபா தரப்பு சொன்னது சரிதானே?

சட்டவாசி:

பாதி சரி. 2013 திருத்தம் (நல்ல திருத்தம், அதற்கு அவருக்குப் பெருமை உண்டு) என்ன சொன்னது? உறுப்பினர்களில் குறைந்தது 10 சதவீதம் பெண்கள். அது "தற்போது 5". அப்போது 49 இடம், 4.9. 5 என்பதில் சிக்கல் இல்லை. வெற்றி பெற்ற பெண்கள் குறைந்தால், தோற்றவர்களில் அதிக ஓட்டு வாங்கிய பெண்ணைக் கூடுதல் உறுப்பினராகச் சேர்க்க வேண்டும். 2016-இல் 4 பெண்கள் வென்றார்கள். ஒருவரைச் சேர்த்து அவை 50 ஆனது.

2019-இல் இடங்களை 51 ஆக்கினார்கள். 5.1. ஆனால் "தற்போது 5" என்ற சொற்களைத் திருத்த மறந்தார்கள். அந்தக் கால் வரியில் ஒரு நாடு மூன்று மாதம் மாட்டிக்கொண்டது.

2021-இல் வென்ற பெண்கள் 5. ஏப்ரல் 20 இரவு தேர்தல் ஆணையர், 10 சதவீதத்துக்கு 6 வேண்டும் என்று எச்.ஆர்.பி.பி. பெண் ஒருவரைச் சேர்த்தார்: 26-25. மறுநாள் சுயேச்சை உறுப்பினர் ஃபாஸ்டில் சேர்ந்தார்: 26-26. மே 4-இல் அரசுத் தலைவர் (நாட்டின் தலைவர், பிரதமர் அல்லர்) மறுதேர்தலை மே 21-க்கு அறிவித்தார். மே 17-இல் உச்ச நீதிமன்றம் ஆறாவது இடத்தையும் மறுதேர்தலையும் ரத்து செய்தது. ஜூன் 2-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது இது: குறைந்தபட்சம் 6 என்பது சரி, ஆனால் தேர்தல் வழக்குகளும் இடைத்தேர்தல்களும் முடிந்து வென்ற பெண்கள் எத்தனை பேர் என்று உறுதியான பிறகே சேர்க்க வேண்டும். எண் அவர் பக்கம், நேரம் ஃபாஸ்ட் பக்கம். 2021 மே மாதத்துக்குத் தேவைப்பட்டது நேரம்.

மதி_ஆழி:

இதற்கிடையே 45 நாள் கெடு ஓடிக்கொண்டிருந்தது. தேர்தல் முடிந்து 45 நாளுக்குள் அவை கூட வேண்டும் என்பது அரசியலமைப்பின் 52-ஆவது பிரிவு. ஏப்ரல் 9-க்கு மே 24 சரியாக 45-ஆவது நாள். அரசுத் தலைவர் முதலில் அன்று கூடும் என்று அறிவித்தார். மே 22 சனிக்கிழமை இரவு அறிவிப்பை நிறுத்திவைத்தார். 23 ஞாயிறன்று உச்ச நீதிமன்றம் அவசரமாகக் கூடி, நிறுத்தியது செல்லாது என்றது. ஞாயிறன்று எதுவும் அசையாத நாட்டில் நீதிபதிகள் அன்று அமர்ந்தார்கள் என்பதிலேயே நிலைமையின் கனம் தெரியும். 24 காலை ஆப்பியாவின் முலினூவில் அவைக் கட்டடத்தின் கதவுகள் பூட்டியிருந்தன. தலைமை நீதிபதியே அங்கியோடு வந்து பூட்டைப் பார்த்துத் திரும்பினார். மாலையில் புல்வெளியில் கூடாரம் போட்டு ஃபாஸ்ட் உறுப்பினர்கள் பதவியேற்றார்கள்.

கணக்கர்:

உறுதிமொழியை அரசுத் தலைவர் முன்னிலையில் எடுக்க வேண்டும் என்றுதானே விதி? அவர் அன்று இல்லை. பிறகு கூடாரப் பதவியேற்பு எப்படிச் செல்லும்?

சட்டவாசி:

நல்ல கேள்வி, கணக்கர். அதனால்தான் ஜூன் 28-இல் உச்ச நீதிமன்றம் முதலில் செல்லாது என்றது. கூடவே ஒரு நிபந்தனை: 7 நாளுக்குள் அவையைக் கூட்ட வேண்டும், கூட்டாவிட்டால் 'வேறு வழியில்லாத் தேவை' என்ற கோட்பாட்டின்படி கூடாரத்தில் நடந்ததையே ஏற்கலாம். ஜூலை 4-இல் அரசுத் தலைவர் ஆகஸ்ட் 2-க்குக் கூட்டுவதாக அறிவித்தார். 7 நாள் தாண்டியது. ஜூலை 23-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், மே 24 முதல் ஃபாஸ்டே சட்டப்படியான அரசு என்று தீர்ப்பளித்தது. தடுப்பவரே தடையைக் காரணமாகக் காட்டி ஆட்சியில் நீடிக்க முடியாது என்பதே அதன் சாரம். அடுத்த சில நாளில் துயிலாயெபா ஏற்றுக்கொண்டு அலுவலகத்தைக் காலி செய்தார். படையில்லாத நாடு, காவல்துறை எந்தப் பக்கமும் சாயவில்லை, யாரும் சாகவில்லை.

கோடைமழை:

அந்தக் கடைசி வரியில் அவருக்கும் பங்கு உண்டு என்பேன். அவர் ஒரு சொல் சொல்லியிருந்தால் தெருவில் ஆள் இறங்கியிருக்கும்.

நெய்தல்:

நீதிபதிகளைப் பற்றி அவர் அந்த மாதங்களில் பேசிய பேச்சை விட்டுவிட முடியாது, கோடைமழை. அதற்குத்தான் 2022 மார்ச்சில் அவரும் கட்சிச் செயலாளரும் நீதிமன்ற அவமதிப்புக் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. தண்டனை விதிக்கவில்லை.

ஆனால் அதற்குப் பிறகு ஃபாஸ்ட் செய்ததையும் சொல்லியாக வேண்டும். 2022 மே மாதம் இருவரையும் அவையிலிருந்து காலவரையின்றி நீக்கிவைத்தார்கள். ஆகஸ்டில் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அக்டோபரில் 24 மாதம், சம்பளமில்லாமல் என்று மறுபடி நீக்கினார்கள். எதிர்க்கட்சித் தலைவர் இல்லாத அவை, எட்டுப் பேர் விதிக் காலத்து அவையிலிருந்து எவ்வளவு வேறு?

மதி_ஆழி:

பிறகு 2025. ஃபியாமேவும் லாவுலியும் பிரிந்தார்கள். எதிர்க்கட்சித் தலைவராகத் துயிலாயெபா பிப்ரவரியிலும் மார்ச்சிலும் கொண்டுவந்த இரண்டு நம்பிக்கையில்லாத் தீர்மானங்களும் தோற்றன. மே 27-இல் ஃபியாமேவின் பட்ஜெட் தோற்றது. லாவுலி அணியும் எச்.ஆர்.பி.பி.யும் சேர்ந்து எதிர்த்து ஓட்டளித்தன. 1985-இல் நிதியமைச்சராக எந்த முறையில் பதவி இழந்தாரோ, 40 ஆண்டு கழித்து 80 வயதில் அதே முறையில் வேறொரு அரசு விழுவதை எதிர்வரிசையில் இருந்து முடித்துவைத்தார். ஆகஸ்ட் 29 தேர்தலில் பலன் அவருக்குக் கிடைக்கவில்லை: லாவுலியின் ஃபாஸ்ட் 30, எச்.ஆர்.பி.பி. 14, ஃபியாமேவின் புதிய கட்சி 3.

கணக்கர்:

14 என்றால் எட்டுப் பேர் விதியைத் தாண்டிவிட்டார்கள். ஃபியாமேவின் 3 தாண்டவில்லை. விதி இன்னும் அங்கேயே இருக்கிறது.